பக்கத்து நூலகங்களோடு இரவல் வட்டம் அமைப்பது எப்படி: சென்னையில் செய்து பார்த்த முறை, படிப்படியாக

அடையாறு, கோட்டூர்புரம், கிண்டி, தரமணி. இந்த நான்கையும் சுற்றி ஒரு கோடு இழுத்தால் அதற்குள் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம், தோல் ஆராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், கணித அறிவியல் நிறுவனம், பிரம்மஞான சபையின் அடையாறு நூலகம் எல்லாம் வந்துவிடும். இவற்றுக்கு நடுவில் கல்லூரி நூலகங்களும் சிறு ஆய்வு மையங்களின் நூலகங்களும் நிறைய இருக்கின்றன. இந்த வழிகாட்டி, தங்களுக்குள் நூல்களை இரவல் கொடுத்து வாங்க விரும்பும் அந்தச் சிறிய நூலகங்களுக்கானது. "அந்தப் புக் பக்கத்து இன்ஸ்டிட்யூட்ல இருக்கு மேடம், எப்படிக் கேக்கிறதுன்னுதான் தெரியல" என்று வாசகரைத் திருப்பி அனுப்பிய அனுபவம் உள்ள நூலகர்களுக்கானது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் மென்பொருளிலிருந்து தொடங்குகிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் தொடங்கினோம். எட்டு மாதம் பட்டியலைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஒரு புத்தகம்கூட ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகவில்லை. இரண்டாம் தடவை வரிசையை மாற்றிப்போட்டோம். கீழே இருப்பது அந்த மாற்றிய வரிசை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் நிறுவனத் தலைவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல். வாய்மொழி போதாது. முதல்வரோ இயக்குநரோ மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

கடைசியாக நடந்த இருப்புச் சரிபார்ப்பின் அறிக்கை. உங்கள் அலமாரியில் உண்மையில் இருப்பது என்ன என்று தெரியாமல் மற்றவர்களிடம் "எங்களிடம் இருக்கிறது" என்று சொல்லக் கூடாது.

வேலைக்கென்றே ஒரு தனி மின்னஞ்சல் முகவரி, நூலகரின் சொந்த முகவரி அல்ல. வாரம் இரண்டு அரை நாள் வெளியே போய்வரக்கூடிய ஒரு அலுவலக உதவியாளர். இவ்வளவுதான். சர்வர், புது மென்பொருள், பார்கோடு கருவி எதுவும் முதல் ஆறு மாதத்துக்குத் தேவைப்படாது.

1. வட்டத்தைச் சிறிதாகப் போடுங்கள்

நான்கு முதல் ஏழு நூலகங்கள் போதும். ஏழுக்கு மேல் போனால் ஒருவரையொருவர் முகம் தெரியாது. முகம் தெரியாதவருக்கு அரிய நூலை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

பாடம் ஒன்றாக இருக்க வேண்டுமா, இடம் அருகில் இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். இடம்தான். ஒரே பாடம் உள்ள நூலகங்களிடம் ஒரே புத்தகங்கள்தான் இருக்கும். பொருளியல் நூலகமும் தமிழியல் நூலகமும் பொறியியல் கல்லூரியும் அருகருகே இருந்தால்தான் ஒன்றிடம் இல்லாதது இன்னொன்றிடம் கிடைக்கும். ஒரே பேருந்துத் தடத்தில், ஒரே காலையில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்களா என்று பாருங்கள். தாம்பரத்தையும் எண்ணூரையும் ஒரே வட்டத்தில் சேர்த்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே புத்தகத்தைவிடப் பெட்ரோல்தான் அதிகம் ஓடியது.

பெரிய நூலகங்களை முதல் ஆண்டிலேயே உறுப்பினராக்க முயலாதீர்கள். அவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. ஒப்புதல் வரவே காலம் பிடிக்கும். அவற்றை வாசகரை அனுப்பும் இடங்களாக வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் கன்னிமாரா, 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. வட்டத்தில் கிடைக்காத தமிழ் நூலுக்கு வாசகரை முதலில் அங்கே போய்ப் பார்க்கச் சொல்லலாம்.

நகருக்கு வெளியே தேட டெல்நெட் இருக்கிறது. 1988இல் தில்லி நூலகங்களின் வலையமைப்பாகத் தொடங்கி இன்று நாடு முழுவதும் உறுப்பினர்களைக் கொண்டிருப்பது. அதில் சேர்ந்திருந்தாலும் பக்கத்துத் தெருவுக்குத் தனி வட்டம் வேண்டும். தரமணியிலிருந்து அடையாறுக்கு ஒரு புத்தகம் தில்லி வழியாகப் போக வேண்டியதில்லை.

2. கணக்குத் தணிக்கைப் பயத்தை முதலில் பேசித் தீர்த்துவிடுங்கள்

நூலகர்கள் கஞ்சர்கள் அல்லர். இரவல் கொடுக்கத் தயங்குவதற்குக் காரணம் ஒன்றுதான்: புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்ற பயம். இதைப் பேசாமல் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினாலும், முதல் கோரிக்கை வந்த அன்று "அந்தப் புத்தகம் பைண்டிங்குக்குப் போயிருக்கு" என்ற பதில்தான் வரும்.

மத்திய அரசு நிறுவன நூலகங்களுக்குப் பொது நிதி விதிகள் 2017இன் 215ஆம் விதி பொருந்தும். ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1,000 நூல்களுக்கு 5 நூல் வரை இழப்பு ஏற்படுவதை, நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இல்லாத பட்சத்தில், இயல்பானதாகவே அந்த விதி ஏற்கிறது. 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலும், எந்த விலையானாலும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 20,000 நூல் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். 20,000 முதல் 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு.

இதை ஒரு தாளில் அச்சிட்டு முதல் கூட்டத்திலேயே எல்லார் கையிலும் கொடுங்கள். தனியார் கல்லூரிகளுக்கும் அறக்கட்டளை நூலகங்களுக்கும் இந்த விதி நேரடியாகப் பொருந்தாது. அவர்கள் இதையே மாதிரியாக வைத்துத் தங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தீர்மானத்தின் நகல் கைக்கு வந்த பிறகே மூன்றாம் படிக்குப் போங்கள்.

3. இரண்டு பக்கத்துக்கு மேல் போகாத ஒப்பந்தம்

பன்னிரண்டு பக்க ஒப்பந்தம் எழுதினால் அது சட்டப் பிரிவுக்குப் போகும், போனது திரும்பாது. இரண்டு பக்கத்தில் இவை இருந்தால் போதும்:

எத்தனை நூல், எத்தனை நாள். ஒரு நூலகத்துக்கு ஒரே நேரத்தில் ஐந்து நூல், 21 நாள் என்று நாங்கள் வைத்தோம். 14 நாள் என்றால், நூல்களைக் கொண்டுபோகும் பை போய்வரும் நாள் கழிந்து வாசகரிடம் ஒரு வாரம்கூட இருக்காது.

எவை வெளியே போகாது. அகராதி, கலைக்களஞ்சியம், ஆய்வேடு, ஓலைச்சுவடி, 1950க்கு முந்தைய அச்சு, பாடநூல். பாடநூலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நவம்பரிலும் ஏப்ரலிலும் தேர்வு நெருங்கும்போது எந்தக் கல்லூரியும் அதைக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. முதலிலேயே விலக்கிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இல்லை.

யார் பொறுப்பு. வாங்கிய நூலகமே பொறுப்பு, அதன் வாசகர் அல்லர். கொடுத்த நூலகம் ஒரு மாணவரைத் துரத்தும் நிலை வரக் கூடாது.

தாமதக் கட்டணம். நூலகத்துக்கு நூலகம் இல்லை. வாங்கிய நூலகம் தன் வாசகரிடம் தன் விதிப்படி வசூலித்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் என்று இரு அலுவலகங்களுக்கு நடுவே ரசீது போடத் தொடங்கினால், அந்த ரசீதைக் கணக்கில் ஏற்றும் செலவு வசூலைத் தாண்டிவிடும்.

கடைசிப் பிரதி. எந்த நூலகமும் பழைய நூல்களைக் கழிக்கும் முன் பட்டியலை 30 நாள் வட்டத்தில் சுற்றுக்கு விட வேண்டும். வட்டத்தில் அது ஒன்றே ஒன்று என்றால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரிக்காகவே வட்டம் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுப் போன இதழ்த் தொகுதிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

4. புத்தகத்துக்கு முன் இதழ்ப் பட்டியல்

ஒரு நடுத்தர நூலகத்தில் புத்தகம் பல்லாயிரம் இருக்கும். இதழ்த் தலைப்புகள் நூறோ இருநூறோதான். ஆறு நூலகங்களின் இதழ்ப் பட்டியலை இரண்டு வாரத்தில் ஒன்றாக்கிவிடலாம். கட்டுரைக்கு முழுத் தொகுதியும் போக வேண்டியதில்லை, நகல் போனால் போதும். எதுவும் தொலையாமல் பலன் மட்டும் வரும் என்பதால் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வர இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

பட்டியலில் "2003 முதல்" என்று எழுதுவது பயனற்றது. நடுவில் விடுபட்ட இதழ்களையும் எழுதுங்கள்: "2003–2011, 2007 மார்ச் இல்லை." அலமாரி முன் நின்று பார்த்து எழுத வேண்டும். சந்தாக் கோப்பைப் பார்த்து எழுதினால் பணம் கட்டியது தெரியுமே தவிர இதழ் வந்ததா என்று தெரியாது.

அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் வழியாக 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் கிடைக்கின்றன. அதனால் ஆங்கில அறிவியல் இதழ்களில் நேரம் போக்க வேண்டாம். தமிழ்ச் சிற்றிதழ்கள், கல்லூரி ஆண்டு மலர்கள், நின்றுபோன இதழ்களின் பழைய தொகுதிகள் ஆகியவற்றை முதலில் எடுங்கள். இவை வேறெங்கும் சந்தா கட்டினாலும் வராது.

5. புத்தகப் பட்டியலை ஒன்றாக்குதல்

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நிதானமாகப் போகலாம்.

முதலில் ஒரு எளிய அட்டவணை. நூலகக் குறி, சேர்க்கை எண் (நூல் வந்ததும் பதிவேட்டில் இடும் வரிசை எண்), ஆசிரியர், தலைப்பு, உரையாசிரியர் அல்லது பதிப்பாசிரியர், பதிப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டுத் தர எண்), வகைப்பாட்டு எண், இரவல் உண்டா இல்லையா. கோஹா, சோல், இ-கிரந்தாலயா என்று ஆளுக்கொரு மென்பொருள் வைத்திருந்தாலும் இந்தப் பன்னிரண்டு பத்திகளை எதிலிருந்தும் எடுக்க முடியும். பின்னாளில் மார்க் 21 என்ற பொதுவான நூலகப் பதிவு வடிவத்துக்கு மாற்றவும் இது போதும்.

*சேர்க்கை எண்.* எல்லா நூலகத்திலும் 1, 2, 3 என்றுதான் சேர்க்கை எண் தொடங்குகிறது. அப்படியே சேர்த்தால் ஆறு நூலகங்களின் 4521ஆம் எண் நூல்களும் ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு ஐந்து மறைந்துவிடும். நூலகக் குறியை எண்ணுக்கு முன்னால் ஒட்டிய பிறகே சேருங்கள்.

*எக்செல் செய்யும் குறும்பு.* எண்ணின் முன்னுள்ள சுழியங்களை விழுங்கிவிடும். 13 இலக்க ஐஎஸ்பிஎன்னைப் புள்ளி வைத்த அடுக்கு எண்ணாகச் சுருக்கிவிடும். கோப்பைத் திறக்கும் முன்பே அந்தப் பத்திகளை 'எழுத்து' வகை என்று அறிவித்துவிடுங்கள். சேமித்த பின் திருத்த முடியாது, போனது போனதுதான்.

*எழுத்துரு.* பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் உள்ளிட்ட தமிழ்ப் பதிவுகள் பாமினியிலோ டேப், டேமிலோ டிஸ்கியிலோ வானவில்லிலோ, அதாவது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துமுறைகளில், இருக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இவற்றை யூனிகோடுக்கு மாற்றும். ஆனால் பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்திருக்கும் எழுத்துரு. ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தாக மாறி உளறலாகிவிடும். ஆங்கிலம் கலந்த வரிகளைத் தனியே பிரித்துக் கையால் திருத்துங்கள்.

யூனிகோடுக்கு வந்த பின்னும் வேலை முடியாது. 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினி வேறு வேறு சொல் என்று நினைக்கும். இதைச் சீராக்க 'என்எஃப்சி' என்ற முறை இருக்கிறது. பைத்தான் தெரிந்த மாணவர் யாராவது ஒரே வரியில் செய்துகொடுப்பார். அந்த முறையும் சில பிழைகளைத் தொடாது. 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் அடித்திருப்பார்கள். 'ர்' வர வேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் இருக்கும். பழைய எழுத்துருவிலிருந்து வந்த பதிவுகளில் இது கொத்துக் கொத்தாகக் கிடக்கும். 'ஸ்ரீ'யிலும் இரண்டு வகை உண்டு. இவை மூன்றையும் தனித்தனியாகத் தேடி மாற்றுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் விட்டதால், அலமாரியில் இருக்கும் நூலைக் கணினி "இல்லை" என்றது. வாசகர் பட்டியலையே நம்பாமல் போனார்.

*பெயர்.* சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதய்யர், உ.வே.சா. என்று நான்கு வடிவில் ஒருவரே இருப்பார். முன்னெழுத்தைப் பின்னால் போட்டு "சாமிநாதையர், உ. வே." என்று ஒரு வடிவத்தை வட்டம் முடிவு செய்யட்டும். மற்றவற்றை அழிக்காமல் 'காண்க' குறிப்பாக வையுங்கள். புனைபெயருக்கும் இதேதான்: புதுமைப்பித்தனைத் தேடுகிறவர் விருத்தாசலம் என்று தேட மாட்டார். அதனால் நூலின் முகப்பில் உள்ள பெயரே தலைமைப் பெயர்.

*ஆண்டு.* தமிழ்ப் பதிப்புகள் சிலவற்றில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். 2031 என்று பார்த்து அப்படியே உள்ளிட்டவர்கள் உண்டு. 31 கழித்தால் 2000. எந்த நூலுக்காவது வருங்கால ஆண்டு இருக்கிறதா என்று பட்டியலை ஒரு தடவை வடிகட்டிப் பாருங்கள்; கட்டாயம் சில சிக்கும்.

*ஐஎஸ்பிஎன்.* 2007க்கு முன் வந்த நூல்களில் 10 இலக்கம், பின் வந்தவற்றில் 13. ஒரே வடிவத்துக்கு மாற்றாமல் ஒப்பிடக் கூடாது. பழைய தமிழ் நூல்களுக்கு எண்ணே இருக்காது. சில சிறு பதிப்பகங்கள் ஒரே எண்ணை இரண்டு நூலுக்குப் போட்டிருக்கும். ஆகவே எண்ணை மட்டும் வைத்து "இரண்டும் ஒன்று" என்று முடிவுகட்டாதீர்கள்.

*இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குதல்.* தலைப்பு ஒன்றானால் நூலும் ஒன்று என்று கணினியிடம் சொன்னோம். எல்லாத் திருக்குறளும் ஒரே பதிவாகிவிட்டது. பரிமேலழகர் உரை கேட்ட ஆய்வு மாணவிக்கு ஒரு பள்ளிப் பதிப்பு போய்ச் சேர்ந்தது. தலைப்போடு உரையாசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று பொருந்தினால்தான் இணைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டாகவே விடுங்கள். ஒரே நூலுக்கு இரண்டு பதிவு இருந்தால் பட்டியல் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டு நூலை ஒரே பதிவாக்கினால் ஒரு நூல் காணாமலே போய்விடும்.

*வகைப்பாடு.* நூல்களுக்குப் பாடவாரியாக எண் கொடுக்க ஒரு நூலகம் டூயி முறை, இன்னொன்று ரங்கநாதனின் கோலன் முறை, மூன்றாவது தன் இஷ்டம். தமிழ் இலக்கியத்துக்கு டூயியில் 894.811 என்று ஒரே இடம். அலமாரியில் பாதி அதில் வந்துவிடுவதால் அதற்குப் பின் ஆளுக்கொரு விதமாக நீட்டியிருப்பார்கள். ஒன்றாக்க வேண்டும் என்று யாராவது கூட்டத்தில் எழுந்தால் உட்காரச் சொல்லுங்கள். எண் என்பது அந்தக் கட்டடத்தில் நூல் இருக்கும் இடத்தின் முகவரி. அவரவர் எண்ணை அப்படியே பட்டியலில் காட்டினால் போதும்.

இது எவ்வளவு நாள் ஆகும்? ஒருவர் நாளுக்கு 60 பதிவைத் திருத்தினால் 12,000 பதிவுக்கு 200 வேலை நாள். அதனால் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொரு நூலகமும் தன்னிடம் மட்டுமே இருக்கும் என்று நினைக்கிற 1,000 நூலை முதலில் தரட்டும். கோரிக்கைகள் பெரும்பாலும் அவற்றுக்குத்தான் வரும்.

6. கோரிக்கை போகும் பாதை

வாசகர் தன் நூலகரிடம் கேட்கிறார். அந்த நூலகர் இன்னொரு நூலகரிடம் கேட்கிறார். வாசகர் நேராக மற்ற நூலகத்துக்குப் போன் செய்யும் பழக்கம் தொடங்கினால் யார் பொறுப்பு என்பது கலங்கிவிடும்.

வெளியே கேட்கும் முன் மூன்று இடம் பார்க்க வேண்டும்: சொந்த அலமாரி, கூட்டுப் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். முதல் இடத்தையே பலர் பார்ப்பதில்லை. சொந்த நூலகத்திலேயே இருந்த நூலுக்கு எங்களுக்கு வந்த கோரிக்கைகள் கொஞ்சநஞ்சமல்ல.

கோரிக்கையில் வாசகரின் பெயர், தொலைபேசி எண் எதுவும் வேண்டாம். நூலகக் குறியும் வரிசை எண்ணும் போதும். யார் எதைப் படிக்கிறார் என்பது அவருடைய நூலகத்தைத் தாண்டக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே இது நம் தொழிலின் மரியாதை.

இரண்டு வேலை நாளுக்குள் பதில். பதில் நான்கில் ஒன்றாக இருக்கட்டும்: அனுப்புகிறோம், வெளியே இருக்கிறது, இங்கே வந்து படிக்கலாம், இல்லை. பதில் இல்லாமல் இருப்பதுதான் வட்டத்தைக் கொல்லும். "இல்லை" என்ற பதில் கொல்லாது.

ஒரு நூல் மூன்று இடத்தில் இருந்தால் யாரிடம் கேட்பது? குறைவாகக் கொடுத்திருக்கும் நூலகத்திடம். எல்லோரும் பெரிய நூலகத்திடமே கேட்டால் ஆறு மாதத்தில் அவர்கள் "நாங்க மட்டும்தான் கொடுத்துட்டே இருக்கோம்" என்பார்கள். நியாயமான பேச்சுதான் அது. சின்ன நூலகத்துக்கோ, தன்னிடமிருந்தும் ஒன்றைக் கேட்டார்கள் என்பதில் ஒரு மகிழ்ச்சி.

7. பை

செவ்வாய், வெள்ளி. காலை பத்தரைக்கு ஒருவர் நூல் பையோடு கிளம்பி ஆறு இடமும் சுற்றி ஒன்றரைக்குத் திரும்ப வேண்டும். மாதம் ஒரு நூலகம் என்று முறை வைத்து ஆளை அனுப்பலாம். பெட்ரோலோ பேருந்துச் செலவோ அந்த மாதத்துக்காரர் பொறுப்பு. கொரியர் வைத்தும் பார்த்தோம். செலவைவிட, புத்தகத்தை அவர்கள் மூலை மடங்கக் கொண்டுவந்ததுதான் தாங்கவில்லை.

ஜிப் வைத்த, உள்ளே பிளாஸ்டிக் தைத்த பை வாங்குங்கள். ஒவ்வொரு நூலையும் தனி உறையில் போட்டு வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை சொல்லிக்கொண்டு வராது. கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் பை கிளம்பக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் யாரும் யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பிரதியில் சீட்டு. கொடுத்தவர் கையில் ஒன்று, புத்தகத்தோடு ஒன்று. நூலின் அப்போதைய நிலை அதில் இருக்க வேண்டும்: "முதுகு பிரிந்துள்ளது, பக்கம் 113–114 கிழிசல்." இல்லாவிட்டால் திரும்பி வரும்போது பழைய கிழிசலுக்குப் புதிய சண்டை.

இனி, எந்தக் கையேட்டிலும் எழுதாத ஒன்று: கேட் பாஸ். ஆராய்ச்சி நிறுவன வளாகங்களிலிருந்து பொருளை வெளியே எடுத்துப்போகக் காவலரிடம் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டும். எங்கள் முதல் சுற்றில் ஒரு வளாகத்தின் வாசலில் எங்கள் ஆள் ஒன்றரை மணி நேரம் நின்றார், கையில் அந்த நிறுவனத்தின் முத்திரை குத்திய நான்கு புத்தகங்களோடு. காவலர் செய்ததும் சரிதான். மறுவாரம் ஒவ்வொரு நிறுவனப் பாதுகாப்பு அலுவலருக்கும் உதவியாளரின் புகைப்படத்தோடு ஒரு கடிதமும், நூலகர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டுப் புத்தகமும் கொடுத்தோம். இதை முதல் பை கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள்.

8. ஜெராக்ஸ், ஸ்கேன்: எங்கே நிறுத்துவது

ஆராய்ச்சிக்கோ சொந்தப் படிப்புக்கோ ஒரு கட்டுரை அல்லது ஒரு இயலின் நகல் என்றால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. முழு நூலையும் நகலெடுப்பது வேறு கதை. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று பிரதிக்கு மிகாமல் எடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. உங்கள் நூலகம் அந்த வரையறைக்குள் வருமா என்பதை நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். 1964இல் இறந்தவரின் எழுத்து 2025 முதல் பொதுவுடைமை. தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு அந்தக் கணக்கும் வேண்டாம். ஆனால் அதே நூலில் வேறொருவர் எழுதிய முன்னுரையும் உரையும் அவருடையவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் முழுதாக ஸ்கேன் செய்துவிடுகிறார்கள்.

மின்னிதழ்களுக்குச் சட்டத்தோடு உரிமத்தையும் படிக்க வேண்டும். சில உரிமங்கள் ஒரு கட்டுரையை இன்னொரு நூலகத்துக்கு அனுப்ப விடும், சில விடாது. படிக்காமல் பிடிஎஃப்பை வாட்ஸாப்பில் தட்டிவிடுவது வேண்டாம்.

9. தாமதமும் தொலைந்துபோவதும்

21ஆம் நாளுக்கு மூன்று நாள் முன்பே நினைவூட்டல் போக வேண்டும். முடிந்த பிறகு அனுப்புவது குற்றச்சாட்டுபோல் ஒலிக்கும்.

30 நாள் தாண்டினால் அந்த நூலகத்துக்குப் புதிய இரவல் நிற்கும். மற்ற தண்டனை எதுவும் வேண்டாம். இது ஒன்றே வேலை செய்கிறது. அந்த நூலகத்தின் மற்ற வாசகர்களே நெருக்குவார்கள்.

தொலைந்தால் அதே பதிப்பு. கிடைக்காவிட்டால் பிந்தைய பதிப்பு. அதுவும் இல்லையென்றால் இரு நூலகர்களும் ஒப்புக்கொண்ட விலை. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பழைய விலையைக் கொடுப்பதாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்: 1972இல் எட்டு ரூபாய், ஆகவே எட்டு ரூபாய். இன்றைய விலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கல்லூரிகளில் மாணவருக்கு 'நோ ட்யூ' கையெழுத்துப் போடும் முன் வட்டத்து இரவலையும் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்து ஊருக்குப் போனவரிடமிருந்து நூல் திரும்பி வருவது அபூர்வம். அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

10. கூட்டாக வாங்குவது

முதல் ஆண்டில் வேண்டாம். இரண்டாம் ஆண்டில், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலை வாங்கும் முன் வட்டத்தில் யாரிடமாவது இருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும் பழக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொது நிதி திரட்டி வாங்கினால் அது யார் பதிவேட்டில் ஏறும் என்ற கேள்விக்குத் தணிக்கையாளருக்குப் பிடித்த பதில் கிடையாது.

11. மே கடைசியில் கணக்கு முடித்தல்

ஆண்டுக்கு ஒரு முறை, மே கடைசிக்குள், வெளியே இருக்கும் எல்லா நூலும் அதனதன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். யாருக்காவது இன்னும் தேவைப்பட்டால் ஜூனில் மீண்டும் கேட்கலாம். புத்தகம் கண்ணால் பார்க்கப்பட்டு அலமாரியில் வைக்கப்படுவதால் இருப்புச் சரிபார்ப்பில் குழப்பம் வராது.

அதே வாரத்தில் ஒரு கூட்டம். கொண்டுவர வேண்டியவை மூன்று எண்கள்: கொடுத்தது எத்தனை, வாங்கியது எத்தனை, "இல்லை" என்று சொன்னது எத்தனை. மூன்றாவது எண் யாருக்கு அதிகமாக இருக்கிறதோ அவருடைய பட்டியலை முதலில் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் பட்டியலில் இருந்து அலமாரியில் இல்லாத நூல்களாக இருக்கும்.

ஒரு நூலகம் விலக விரும்பினால் தடுக்காதீர்கள். 60 நாள் அறிவிப்பு, இருபுறமும் நூல் திரும்பல், கூட்டுப் பட்டியலிலிருந்து அவர்கள் பதிவுகள் நீக்கம். சேர்க்கை எண்ணுக்கு முன் நூலகக் குறியை ஒட்டியிருந்தால் அந்தக் குறியை வடிகட்டி நீக்க அரை மணி நேரம் ஆகும். ஒட்டாமல் விட்டிருந்தால் எது யாருடையது என்று வரி வரியாகப் பிரித்தெடுக்க வேண்டும்; எங்களுக்கு அது ஒரு கோடை விடுமுறை முழுவதையும் தின்றது.